ஊருக்குக் கிளம்புமுன் ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை

கோடை விடுமுறை வந்தால் தாம்பரம் பக்கம் எங்கள் தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கும். கேட்டில் சேர்ந்துபோன பேப்பரும், பட்டப்பகலிலும் எரியும் வராந்தா விளக்குமே திருடனுக்குத் தகவல் சொல்லிவிடும். குடியிருப்போர் சங்கச் செயலாளராக வீடு வீடாக நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான்: கிளம்புமுன் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுங்கள். முகவரி, திரும்பும் நாள், போன் நம்பர் போதும். இரவு ரோந்து வரும் காவலர் உங்கள் வாசலையும் பார்த்துவிட்டுப் போவார்.

2022 ஜனவரியில் தாம்பரமும் ஆவடியும் தனிக் காவல் ஆணையரகங்களாயின. ஆனால் எந்த ஆணையரகமானாலும், தெருவில் யார் புதியவர் என்பது அங்கே குடியிருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். ரோந்துக் காவலர் கையெழுத்துப் போடும் பட்டா புத்தகத்தை எங்கள் வாசலில் மாட்ட நான் மனதாரச் சம்மதித்தேன். அவர் வந்துபோனதற்கு அதுவே சாட்சி.

கேமரா விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. பல வீடுகளில் அது சொந்தக் காரை மட்டும் பார்க்கிறது. ஒன்றையாவது தெருப்பக்கம் திருப்புங்கள். பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். எனவே திருட்டு நடந்தால் அன்றே புகார் கொடுங்கள்.

மனு ரசீது கேட்டு வாங்குங்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார்தாரருக்கு இலவசம். அது சட்டம் தந்த உரிமை. எல்லை தாண்டிய குற்றம் என்று சொல்லி உங்களைத் திருப்பி அனுப்பவும் கூடாது. சந்தேகமாக ஏதாவது பட்டால் தயங்காமல் 100க்கோ 112க்கோ கூப்பிடுங்கள்.