பாடம் செய்த மானின் காதில் தோல் ஏன் விட்டுப்போகிறது?

கிழக்கிலங்கையின் கரடியனாற்றில் ஆடி மாதம் கச்சான் காற்று வீசும். மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஈரத்தைக் கொட்டிவிட்டு இறங்கிவரும் அந்தக் காற்று நனைந்த எதையும் வறட்டிவிடும். பாடம் செய்த மான் தலையின் காதுக்கு இதைவிடப் பெரிய எதிரி இல்லை.

தோல் என்பது பெரும்பாலும் கொலாஜன் நார். நீர் வற்றினால் நார்கள் நெருங்கித் தோல் சுருங்கும். காதின் புறப்பக்கம் குவிந்திருப்பதால், சுருங்கும் தோல், குருத்தெலும்புக்குப் பதிலாக உள்ளே வைத்து ஒட்டிய பிளாஸ்டிக் அச்சை இன்னும் இறுக்கிப் பிடிக்கும். உட்பக்கமோ குழி. அங்கே தோல் குழிக்குக் குறுக்கே உடுக்குத் தோலாக விறைத்து எழும்பிவிடும். தட்டினால் வெற்றுச் சத்தம். கொழுப்பும் காற்றுக் குமிழும் தங்கிய இடத்தில்தான் பசை முதலில் தோற்கும்.

ஆகவே குருத்தெலும்பை நீக்கி, தோலைச் சீவி, கொழுப்பைக் கழுவ வேண்டும். பிளாஸ்டிக் அச்சைக் கரகரப்பாகத் தேய்த்துப் பசை பூசி, காற்றை அடியிலிருந்து விளிம்புக்குத் தள்ள வேண்டும். பிறகு அவசரம் கூடாது: மின்விசிறிக்கு எட்டாத இடத்தில், காதை மெல்லிய பொலித்தீனால் மூடி, காலையும் மாலையும் தொட்டுப் பாருங்கள்.

இலங்கையில் 1937ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் மானைக் காக்கின்றன. அது மிகச் சரி. ஆகவே நமக்கு வேலை, முன்பே பாடம் செய்த பழைய தலைகளைச் செப்பனிடுவதில்தான். காய்ந்த தோலை அப்படியே அமுக்கினால் வெடிக்கும். ஈரப்பஞ்சு வைத்து இளக்கி, மயிர் மறைக்கும் மடிப்பில் ஊசியால் பசை செலுத்தி, இருபுறமும் அட்டை வைத்துக் கவ்வி, முழுதாகக் காயும்வரை விட்டுவிடுங்கள்.