யானை முதுகில் துளசி!

குட்டீஸ்! யானை முதுகில் அம்பாரி பார்த்திருப்பீர்கள். துளசிச் செடி பார்த்திருக்கிறீர்களா? இரண்டு கை நிறைய களிமண் இருந்தால் போதும். முதுகில் செடி சுமக்கும் குட்டி யானைத் தொட்டியை நீங்களே செய்துவிடலாம். ஆனால், அது சூளையில் வெடிக்காமல் வெளியே வர வேண்டுமே! அதற்குச் சில ரகசியங்கள் உண்டு.

முதலில் கல், வேர் எல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டு, மண்ணைச் சப்பாத்தி மாவு போல நன்றாகப் பிசையுங்கள். ஒரு பெரிய உருண்டை பிடித்து, நடுவில் கட்டை விரலை அழுத்துங்கள். உருண்டையைச் சுற்றிக்கொண்டே, உள்ளே கட்டை விரலும் வெளியே மற்ற விரல்களுமாக அழுத்தி வந்தால் கிண்ணம் தயார். இதுதான் யானையின் வயிறு!

கிண்ணத்தின் சுவர் எல்லா இடத்திலும் உங்கள் சுண்டுவிரல் பருமன் இருக்கட்டும். காயும்போது களிமண் சுருங்கும். மெல்லிய பகுதி முதலில் காய்ந்து சுருங்க, தடித்த பகுதி ஈரமாகவே இருந்தால், இரண்டுக்கும் நடுவில் விரிசல் விழும்.

அடுத்து கால், காது, தும்பிக்கை. இவற்றை வெறுமனே ஒட்டினால் காய்ந்ததும் கழன்று விழும். ஒட்டும் இரண்டு பக்கமும் குச்சியால் கீறி, மண்ணைத் தண்ணீரில் குழைத்த கூழைத் தடவி அழுத்துங்கள். அப்போதுதான் பிடித்துக்கொள்ளும்.

தொட்டியின் அடியில் பென்சிலால் ஒரு துளை போடுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். நான்கு கால்களும் தொட்டியைத் தூக்கிப் பிடிப்பதால் தண்ணீர் சுலபமாக வடியும். பார்த்தீர்களா, யானைக்குக் கால் வெறும் அழகுக்கு அல்ல!

யானையின் தலையைக் கெட்டியாக உருட்டி வைக்காதீர்கள். உள்ளே ஈரம் தங்கிவிட்டால், சூட்டில் அது ஆவியாகும். தண்ணீர் ஆவியானால் ஏறத்தாழ 1,600 மடங்கு இடம் கேட்கும். வெளியேற வழி இல்லையென்றால்... டமார்! தலையை உள்ளே குடைந்து, வாய் இருக்கும் இடத்தில் ஒரு ஓட்டை விடுங்கள். கிராமத்து எல்லையில் நிற்கும் அய்யனார் கோவில் மண்குதிரைகளும் உள்ளே வெற்றிடமாகத்தான் இருக்கும். அவ்வளவு பெரிய குதிரை வெடிக்காமல் வேக அதுவும் ஒரு காரணம்.

இனி பொறுமைதான் முக்கியம். வெயிலில் வைக்காமல், நிழலில் ஒரு வாரமாவது காய விடுங்கள். மழைக்காலத்தில் இன்னும் சில நாள் ஆகும். காய்ந்துவிட்டதா என்று தெரிய, தொட்டியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது!

காய்ந்த தொட்டியில் உடனே செடி வைக்கலாமா? கூடாது. தண்ணீர் ஊற்றினால் யானை கரைந்து சேறாகிவிடும். சூளையில் சுமார் 600 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தாண்டும்போது, மண் துகளுக்குள்ளேயே கட்டுண்டு இருக்கும் நீரும் வெளியேறிவிடும். அதன்பின் எவ்வளவு ஊறினாலும் அது மறுபடி களிமண் ஆகாது. மண்ணில் உள்ள இரும்புதான் அதற்குச் செம்மை நிறம் தருகிறது.

நீங்களே தீ மூட்டிச் சுட முயலாதீர்கள். உங்கள் ஊரில் மண்பாண்டம் செய்பவர் இருந்தால், பெரியவர்களுடன் போய், அடுத்த சூளையில் உங்கள் யானையையும் வைக்க முடியுமா என்று கேளுங்கள். கூடவே, அவர் சக்கரத்தில் பானை வனைவதையும் பாருங்கள். மானாமதுரை மண்பாண்டங்களுக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அத்தனை பெருமை உள்ள தொழில் இது!

சூளைக்குப் போகும் முன் யானையின் காது உடைந்தால் அழ வேண்டாம். உடைந்ததை எல்லாம் தண்ணீரில் ஊற வைத்துப் பிசைந்தால், மீண்டும் புது மண். எத்தனை முறை தவறு செய்தாலும் மண் கோபித்துக்கொள்ளாது. சுட்ட பிறகோ ஒரு விரிசலையும் திருத்த முடியாது. அதனால் நன்றாகப் பார்த்துப் பார்த்துச் செய்து, அப்புறம் சூளைக்கு அனுப்புங்கள்.

யானை அலுத்துவிட்டதா? ஆமை, தவளை, முள்ளம்பன்றி என்று உங்கள் இஷ்டம். முள்ளம்பன்றியின் முதுகில் கற்றாழை நட்டால் எப்படி இருக்கும்? செய்து பாருங்களேன்!