உங்களுக்குத் தெரியுமா? ஸ்டிக்கர் சொல்வது ஒரு மைலேஜ், டேங்க் சொல்வது ஒரு மைலேஜ்

அமெரிக்காவில் புது பிக்அப் எடுத்தவர்கள் இரண்டாம் மாதமே பாட ஆரம்பிக்கும் பல்லவி ஒன்று உண்டு: "ஸ்டிக்கர்ல காலனுக்கு 22 மைல்னு போட்டிருந்தான், எனக்கு 18-ஐத் தாண்ட மாட்டேங்குது." கம்பெனி ஏமாற்றிவிட்டதா, வண்டியில் கோளாறா, ஓட்டுபவரின் காலில் கோளாறா? மூன்றும் இல்லாமலேகூட இது நடக்கும். (அமெரிக்கக் காலன் 3.785 லிட்டர். காலனுக்கு 20 மைல் என்றால் நம் கணக்கில் லிட்டருக்கு 8.5 கிலோமீட்டர்.)

★ புது வண்டியின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள மைலேஜ் எந்தச் சாலையிலும் எடுக்கப்பட்டதல்ல என்பது தெரியுமா? வண்டி ஒரு கட்டடத்துக்குள், உருளைகளின் மேல், நின்ற இடத்திலேயே ஓடுகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, அதாவது ஈ.பி.ஏ., வகுத்த நேர அட்டவணைப்படி ஓட்டுநர் திரையைப் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைப்பார். நகரச் சோதனை சுமார் 11 மைல். சராசரி வேகம் மணிக்கு 21 மைல். நெடுஞ்சாலைச் சோதனை சுமார் 10 மைல். சராசரி வேகம் 48, உச்ச வேகம் 60. இந்த இரண்டும் 1970-களில் பிறந்தவை. டெக்சாஸில் ஆஸ்டினுக்குத் தெற்கே போகும் 130-ஆம் எண் சுங்கச்சாலையில் இன்று சட்டப்படியே மணிக்கு 85 மைல் போகலாம்.

★ இந்த இடைவெளி ஈ.பி.ஏ.வுக்குத் தெரியாததா? தெரியும். 1985-ல் நகர எண்ணில் 10 சதவீதமும் நெடுஞ்சாலை எண்ணில் 22 சதவீதமும் கண்ணை மூடிக்கொண்டு கழித்தார்கள். அதுவும் போதவில்லை. 2008 மாடல் வண்டிகளிலிருந்து இன்னும் மூன்று சோதனைகளைச் சேர்த்தார்கள்: மணிக்கு 80 மைல் வரை விரட்டி ஓட்டுவது ஒன்று, 95 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில் ஏ.சி. போட்டு ஓட்டுவது ஒன்று, 20 டிகிரி குளிரில் (நம் கணக்கில் மைனஸ் 7 செல்சியஸ்) ஓட்டுவது ஒன்று. காற்று, கரடுமுரடான சாலை, காற்றிறங்கிய டயர், எத்தனால் என்று உருளைமேல் தெரியாத விஷயங்களுக்காக மொத்தமாக 9.5 சதவீதத்தையும் கழிக்கிறார்கள். ஆனால் ஐந்து சோதனைகளையும் எல்லா மாடலுக்கும் செய்தாக வேண்டியதில்லை. பழைய இரண்டை மட்டும் செய்து, மீதியைச் சூத்திரத்தில் போட்டு எடுக்கவும் விதியில் இடமுண்டு.

★ சோதனையில் பெட்ரோலை அளப்பதில்லை. புகைக்குழாயிலிருந்து வரும் வாயுவைப் பிடித்து, அதில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று பார்த்து, அவ்வளவு கார்பன் வர எவ்வளவு பெட்ரோல் எரிந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுகிறார்கள்.

★ சோதனை செய்வது யார்? பெரும்பாலும் வண்டியைச் செய்த கம்பெனியே. மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பரில் உள்ள ஈ.பி.ஏ. ஆய்வகம் அவற்றில் ஒரு பகுதியை மட்டும் மறுபடி ஓட்டிச் சரிபார்க்கும்.

★ கட்டடத்துக்குள் நிற்கும் வண்டிக்கு எதிர்க்காற்று ஏது? இதுதான் இந்தச் சோதனையின் பலவீனமான இடம். முதலில் வண்டியை வெளியே ஒரு நீளமான ஓடுபாதையில் விரட்டி, நியூட்ரலில் போட்டு, அது தானாக வேகம் குறைவதை நொடி நொடியாகக் குறித்துக்கொள்கிறார்கள். காற்றும் டயரும் எவ்வளவு இழுத்துப் பிடிக்கின்றன என்பது அதிலிருந்து கிடைக்கும். அந்த இழுவையை உருளையில் ஏற்றிவிடுவார்கள். இந்த ஒரு எண்ணைக் கொஞ்சம் குறைத்து எழுதினால் போதும், பிறகு நடக்கும் சோதனை எவ்வளவு நேர்மையாக நடந்தாலும் மைலேஜ் தானாக உயர்ந்துவிடும்.

ஹூண்டாய், கியா கதை அப்படித்தான். 2012 நவம்பரில், அமெரிக்காவில் விற்ற சுமார் 9 லட்சம் வண்டிகளின் மைலேஜைக் கூடுதலாகப் போட்டுவிட்டோம் என்று இரண்டு கம்பெனிகளும் ஒப்புக்கொண்டன. வாங்கியவர்களுக்கு எரிபொருள் வித்தியாசத்தோடு 15 சதவீதம் சேர்த்துத் தந்தார்கள். 2014-ல் அரசுக்குக் கட்டிய அபராதம் 10 கோடி டாலர்.

பிக்அப் பக்கம் வந்தால், 2019 ஃபோர்டு ரேஞ்சர். அந்த இழுவையைக் கணக்கிடும் முறையில் எங்களுக்குச் சந்தேகம் இருக்கிறது என்று ஃபோர்டின் ஊழியர்களே 2018 செப்டம்பரில் உள்ளுக்குள் புகார் கொடுத்தார்கள். 2019 பிப்ரவரியில் கம்பெனி அதை வெளியே சொன்னது. அமெரிக்க அரசின் நீதித்துறை விசாரித்தது; 2021-ல் நடவடிக்கை எதுவும் இல்லாமல் கோப்பு மூடப்பட்டது. ரேஞ்சரையும் ஃபோர்டின் இன்னொரு பிக்அப்பான எஃப்-150-ஐயும் வாங்கியவர்கள் தனியாக வழக்குப் போட்டார்கள். ஈ.பி.ஏ. ஏற்றுக்கொண்ட எண்ணை மாநிலச் சட்டத்தைக் காட்டி எதிர்க்க முடியாது என்று அது தள்ளுபடியாகி, 2023-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. என் பார்வையில், வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இதுதான். ஈ.பி.ஏ. முத்திரை விழுந்த எண் உங்களுக்குக் கிடைக்காவிட்டால், அந்த எண் பொய் என்று சொல்லி வழக்கு ஜெயிப்பது மகா கஷ்டம்.

★ மணிக்கு 60 மைலில் போகும் பிக்அப்பை 75-க்கு விரட்டினால் வேகம் கூடுவது 25 சதவீதம். எதிர்க்காற்றின் இழுவை கூடுவதோ 56 சதவீதம். அது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுகிறது. தாழ்வான காருக்கும் இதே விதிதான். உயரமான முகமும் அகலமான மார்பும் உள்ள பிக்அப்புக்கு வலி அதிகம். ஸ்டிக்கருக்கும் பங்க் ரசீதுக்கும் உள்ள தகராறில் பாதியைத் தீர்க்க, 65-ஐத் தாண்டாமல் ஒரு டேங்க் ஓட்டிப் பாருங்கள் என்பேன். செய்கிறவர்கள் குறைவு.

★ பின்தொட்டியின் கதவைத் திறந்துபோட்டால் காற்று வழுக்கிக்கொண்டு போகும், மைலேஜ் ஏறும் என்று நம்புகிற பழைய ஆட்கள் இன்னமும் இருக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. கதவு மூடியிருக்கும்போது தொட்டிக்குள் ஒரு காற்றுச் சுழல் தங்கி, மேலே வரும் காற்றை வழுக்கவிடுகிறது. திறந்தால் அந்தச் சுழல் கலைந்துவிடும். 'மித்பஸ்டர்ஸ்' தொலைக்காட்சிக்காரர்கள் இரண்டு பிக்அப்களை ஓட்டிப் பார்த்தபோதும் கதவு மூடிய வண்டிதான் கூடுதல் தூரம் போனது.

★ விளம்பரத்தில் வரும் பெரிய எண் உங்கள் வண்டியின் எண்தானா? 2018-ல் எஃப்-150 டீசல் வந்தபோது "நெடுஞ்சாலையில் காலனுக்கு 30 மைல்" என்று ஊரெல்லாம் பேச்சு. அது பின்சக்கர இழுவை வண்டிக்கு. அதே டீசலில் நான்கு சக்கர இழுவை எடுத்தால் ஸ்டிக்கரிலேயே 25. பனி பெய்யும் மாநிலங்களில் பிக்அப் எடுக்கிறவர்கள் பலருக்கு வேண்டியது இரண்டாவது வண்டி; மனசில் பதிந்திருப்பது முதல் எண்.

★ சிறிய இன்ஜின் என்றால் பெட்ரோல் கம்மி, சரிதானே? 2019 செவ்ரோலே சில்வராடோவில் 2.7 லிட்டர், நான்கு சிலிண்டர் டர்போ வந்தது. அதே வண்டியில் 5.3 லிட்டர், எட்டு சிலிண்டர் இன்ஜினும் உண்டு. நகரத்தில் சின்னதுக்கு 20, பெரியதுக்கு 17. நெடுஞ்சாலையில்? இரண்டுக்கும் 23. பெரிய இன்ஜின் வேலை இல்லாத நேரத்தில் சில சிலிண்டர்களைத் தூங்க வைத்துவிடுகிறது. சின்ன இன்ஜினோ அந்தக் கனத்தை இழுக்க டர்போவை நம்பி இருக்கிறது. டர்போ முழு அழுத்தத்தில் ஓடும்போது இன்ஜின் சூடாகிவிடாமல் இருக்கக் கூடுதல் பெட்ரோலை உள்ளே விட வேண்டியும் வரும். மென்மையாக அழுத்தும் உருளை ஓட்டுநரிடம் நல்ல பேர் வாங்கும் சின்ன இன்ஜின், டிரெய்லர் கட்டி மலை ஏறும் உங்களிடம் வாங்காது.

★ 2021-ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது, அந்தச் சிலிண்டர் தூங்கவைக்கும் வசதியே இல்லாமல் சில பிக்அப்களை ஜெனரல் மோட்டார்ஸ் கட்டி அனுப்பியது. காலனுக்கு ஒரு மைல் போல நஷ்டம் என்று கம்பெனியே சொன்னது. சிக்னலில் இன்ஜினைத் தானாக அணைக்கும் வசதியும் சில வண்டிகளில் போயிற்று. அதற்கு ஈடாக 50 டாலர் கழித்துக் கொடுத்தார்கள்.

★ இப்போது கொஞ்சம் கணக்கு. காலனுக்கு 10 மைல் தந்த வண்டியை விட்டு 20 தருவதற்கு மாறுகிறார் ஒருவர். இன்னொருவர் 25-லிருந்து 50-க்கு மாறுகிறார். இருவரும் 10,000 மைல் ஓட்டினால் அதிகம் மிச்சம் யாருக்கு? இரண்டாமவர் என்று மனசு சொல்லும். முதலாமவருக்கு 500 காலன் மிச்சம், இரண்டாமவருக்கு வெறும் 200. டியூக் பல்கலைக்கழகத்தின் லாரிக், சோல் என்ற இருவர் 2008-ல் 'சயின்ஸ்' இதழில் இந்த மயக்கத்தைப் பற்றி எழுதினார்கள். 2013 மாடலிலிருந்து ஸ்டிக்கரில் "100 மைலுக்கு எத்தனை காலன்" என்ற எண்ணும் அச்சாகிறது. அதை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை.

பிக்அப்காரர் புலம்புவதில் நியாயம் இருக்கிறது என்பதற்கு இதே கணக்குதான் சாட்சி. 40 மைல் தர வேண்டிய கார் 34 தருகிறது. 20 தர வேண்டிய பிக்அப் 17 தருகிறது. இரண்டிலும் குறைவு 15 சதவீதம். ஆண்டுக்கு 15,000 மைல் ஓட்டினால் (ஸ்டிக்கரில் வருடச் செலவு போடுவதும் இந்தத் தூரத்துக்குத்தான்) கார்காரருக்குக் கூடுதலாகப் போவது 66 காலன். பிக்அப்காரருக்கு 132.

★ பெரிய டயர் மாட்டினீர்களா? அப்படியானால் உங்கள் மைலேஜ் கணக்கே தப்பாக இருக்கலாம். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதைத்தான் ஓடோமீட்டர் எண்ணுகிறது. டயரின் விட்டம் 5 சதவீதம் கூடினால் 100 மைல் ஓடிய பிறகும் மீட்டர் 95 என்றுதான் காட்டும். கட்டை கட்டையான பட்டன் வைத்த ஆல்-டெரெயின் டயர் உண்மையிலேயே பெட்ரோல் தின்னும். அதற்கு மேல் இந்தப் பொய்க்கணக்கும் சேர்ந்து மைலேஜை இன்னும் மட்டமாகக் காட்டும். டயர் மாற்றினால் மீட்டரையும் திருத்தச் சொல்லுங்கள்.

★ டேஷ்போர்டு திரை காட்டும் சராசரியை அப்படியே நம்ப வேண்டாம். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே பங்க்கில் நிரப்பிப் போடும் பழைய கணக்குக்கு இன்னும் மாற்று வரவில்லை. ஒரு தடவை போட்டுவிட்டு முடிவுக்கு வராதீர்கள்; பம்ப் எந்த இடத்தில் 'டக்' என்று நிற்கிறது என்பதே கணக்கைக் கொஞ்சம் ஆட்டிவிடும்.

★ புது வண்டியில் முதல் டேங்க் கணக்கைப் பார்த்து மனம் நொந்துவிட வேண்டாம். முதல் 3,000 முதல் 5,000 மைல் வரை இன்ஜின் பழகும் காலம் என்று அமெரிக்க அரசே சொல்கிறது.

★ குளிர்காலத்தில் வாங்கியவர்கள் கூடுதலாகவே ஏமாறுவார்கள். 77 டிகிரி ஃபாரன்ஹீட்டில் கிடைக்கும் நகர மைலேஜ் 20 டிகிரியில் சுமார் 15 சதவீதம் இறங்கும். மூன்று நான்கு மைல் தூரத்துக் குட்டிப் பயணம் என்றால் 24 சதவீதம் வரைகூட. இன்ஜின் சூடாவதற்குள் கடை வந்துவிடுகிறது.

★ எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. அமெரிக்க பங்க்குகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 10 சதவீதக் கலப்பில் மைலேஜ் 3 சதவீதம் போல அடிபடும். இந்தியாவில் 20 சதவீதக் கலப்பு வந்தபின் கிளம்பிய புலம்பலுக்கும் வேர் இதே இடத்தில்தான்.

★ இந்தியாவில் விளம்பரம் செய்யப்படும் மைலேஜும் உருளைமேல் பிறந்ததுதான். இந்தியச் சோதனைச் சுற்றில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர்.

★ நெடுஞ்சாலையைவிட நகரத்தில் அதிக மைலேஜ் தரும் பிக்அப்பும் இருக்கிறது. 2022-ல் வந்த ஃபோர்டு மேவரிக் ஹைபிரிட்: நகரத்தில் 42, நெடுஞ்சாலையில் 33. பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் சக்தியை பேட்டரியில் சேமிக்கும் வண்டி. பிரேக்கே பிடிக்காத நெடுஞ்சாலையில் அதற்குச் சேமிக்க ஒன்றுமில்லை.

★ மைலேஜ் எண்ணே இல்லாத பிக்அப் தெரியுமா? எஃப்-250, ராம் 2500 போன்ற கனரகங்கள். சுமையோடு மொத்த எடை வரம்பு 8,500 பவுண்டுக்கு மேல் போனால் ஸ்டிக்கரில் மைலேஜ் போடத் தேவையில்லை. அதிகம் குடிக்கும் வண்டிக்குத்தான் இந்தச் சலுகை! இதில் என்ன நியாயம் என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

★ ஐரோப்பியர்கள் வேறு வழிக்குப் போய்விட்டார்கள். 2021 முதல் அங்கே விற்கும் புதுக் கார்களில், உண்மையில் எரிந்த எரிபொருளைக் கணக்கு வைக்கும் மீட்டர் உள்ளேயே இருக்க வேண்டும். அந்தத் தகவலைத் திரட்டி ஐரோப்பிய ஆணையம் 2024-ல் வெளியிட்டது: பெட்ரோல், டீசல் கார்கள் ஆய்வக எண்ணைவிடச் சுமார் 20 சதவீதம் அதிகம் குடிக்கின்றன. பிளக் மாட்டிச் சார்ஜ் செய்யும் ஹைபிரிட்கள் மூன்றரை மடங்கு.

அமெரிக்கப் பிக்அப்களுக்கும் இப்படி ஒரு மீட்டர் வரும்வரை, வாங்கப் போகிறவர்கள் ஷோரூமில் மூன்றைக் கேளுங்கள்: இந்த எண் எந்தச் சக்கர இழுவைக்கு, எந்த டயருக்கு, எந்த ஆக்ஸில் விகிதத்துக்கு (சக்கரம் ஒரு சுற்று சுற்ற, இன்ஜினிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு)? நெடுஞ்சாலையில் 75-ல் பறப்பவராக இருந்தால் ஸ்டிக்கர் எண்ணில் 15 சதவீதத்தைக் கழித்துவிட்டு, அந்த மைலேஜுக்குக் கட்டுப்படியாகுமா என்று பாருங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் அந்த வண்டி வேண்டாம்.