ஆர்.சி.யிலிருந்து சபை மாறும் முன்

அம்பகரத்தூர் என்றதும் வெளியூர்க்காரருக்கு நினைவு வருவது பத்ரகாளியம்மன் கோயில். அங்கிருந்து திருநள்ளாறு வழியாகக் கிழக்கே போனால் காரைக்காலின் தூய தேற்றரவு அன்னை ஆலயம். கடலோரமாகத் தெற்கே இறங்கினால் வேளாங்கண்ணி, வடக்கே போனால் தரங்கம்பாடி. காரைக்கால் ஆலயமும் வேளாங்கண்ணியும் கத்தோலிக்கத் தலங்கள். தரங்கம்பாடி, இந்தியாவில் புராட்டஸ்டண்ட் மிஷன் முதன்முதலில் கால் ஊன்றிய ஊர். மூன்றையும் ஒரே நாளில் பஸ்ஸிலேயே பார்த்துவிட்டுத் திரும்பலாம்.

இப்படிப்பட்ட வட்டாரத்தில், கத்தோலிக்க வீட்டில் ஒருவர் "நான் இனிமே அந்தச் சபைக்குத்தான் போகப் போறேன்" என்று சொன்னால் கேள்விகள் வரிசையாக வரும். மறுபடியும் ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா? கோயில் ஏட்டிலிருந்து பெயரை அடித்துவிடுவார்களா? பிள்ளைகளின் கல்யாணம் எங்கே நடக்கும்? நாளைக்கு அடக்கம் எங்கே? இவற்றில் பலவற்றுக்கு, எந்தச் சபைக்குப் போகிறார் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. "புராட்டஸ்டண்ட்" என்று ஒரே பெயரால் அழைத்தாலும், வழிபாட்டிலும் ஞானஸ்நானத்திலும் ஆர்.சி.க்கும் லுத்தரனுக்கும் உள்ள தூரத்தைவிட லுத்தரனுக்கும் பெந்தெகொஸ்தேக்கும் உள்ள தூரம் அதிகம்.

இந்த வட்டாரத்துக்குப் பழகிய விஷயம்

டேனியர் 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு தரங்கம்பாடியில் அமர்ந்தார்கள். டேனிய அரசர் அனுப்பிய ஜெர்மானியப் போதகர் சீகன்பால்கு 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார். 1714-15இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அங்கே அச்சேறியது. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. லுத்தரன் சபை அரும்பிய காலத்திலேயே சுற்றுவட்டாரத்தில் கத்தோலிக்கர்கள் இருந்தார்கள். ஆகவே ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போவதும், அதைத் தடுக்கப் பார்ப்பதும் அப்போதே தொடங்கிவிட்டன.

1720களில் தஞ்சை அரசின் படையில் இருந்த இராஜநாயக்கன் ஒரு கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான நற்செய்தி நூல் கைக்குக் கிடைக்க, அதைப் படித்துவிட்டு மிஷனரிகளோடு தொடர்பு கொண்டார். பிறகு படைவேலையை விட்டு லுத்தரன் உபதேசியார் ஆனார். கத்தோலிக்கப் பக்கமிருந்து வீரமாமுனிவர் பேனாவை எடுத்தார். "வேத விளக்கம்", "பேதகம் மறுத்தல்" ஆகிய உரைநடை நூல்கள் தரங்கம்பாடிக்காரருக்கு அவர் கொடுத்த மறுப்புகள்.

அடுத்த பெயர் எல்லாருக்கும் தெரிந்தது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் 1774இல் பாளையங்கோட்டையில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவயதில் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரோடு தஞ்சைக்கு வந்து, புராட்டஸ்டண்ட் சபையின் பெரும் கவிஞராக "பெத்லகேம் குறவஞ்சி" பாடினார். தரங்கம்பாடியிலும் மாயூரத்திலும் முன்சீப்பாக இருந்து "பிரதாப முதலியார் சரித்திரம்" எழுதிய வேதநாயகம் பிள்ளை வேறொருவர். அவர் கடைசிவரை கத்தோலிக்கர்.

எந்தச் சபை?

தமிழ்நாட்டிலும் காரைக்காலிலும் ஒரு கத்தோலிக்கர் போகக்கூடிய சபைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, தரங்கம்பாடி மிஷனின் வாரிசான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை. 1919இல் தன்னாட்சி பெற்றது. தலைமையகம் திருச்சியில் இருந்தாலும் அதன் பேராயருக்குத் தரங்கம்பாடிப் பேராயர் என்றுதான் பட்டம்.

இரண்டாவது, ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் முதலிய சபைகள் சேர்ந்து 1947 செப்டம்பர் 27 அன்று உருவான தென்னிந்தியத் திருச்சபை, அதாவது சி.எஸ்.ஐ. இவ்விரண்டிலும் பேராயர் உண்டு, எழுதிய வழிபாட்டு முறை உண்டு, குழந்தை ஞானஸ்நானம் உண்டு, திருவருகைக் காலமும் தவக்காலமும் உண்டு. பூசைக்குப் போய்ப் பழகியவருக்கு ஞாயிறு ஆராதனையின் போக்கு பெரும்பாலும் பிடிபடும்.

மூன்றாவது, பெந்தெகொஸ்தே சபைகளும் தனிச் சபைகளும். இங்கே எழுதிய வழிபாட்டு முறை இல்லை. அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், சுகமாக்கும் ஜெபம் ஆகியவை முன்னால் நிற்கும். அவற்றில் பல ஒரே போதகரைச் சுற்றி வளர்ந்தவை. கணக்கு வழக்கையும் போதகர் மாற்றத்தையும் யார் தீர்மானிப்பது என்பது சபைக்குச் சபை வேறுபடும். லுத்தரனிலும் சி.எஸ்.ஐ.யிலும் தேர்தல், சபைக்குழு, ஆலோசனைச் சங்கம் எல்லாம் உண்டு. தேர்தல் வந்தால் அதற்கான சண்டையும் கோர்ட் வழக்கும் கூடவே வரும்.

கோயிலுக்குள் என்ன மாறும்?

ஞானஸ்நானத்திலிருந்து தொடங்கலாம். பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயரால் தண்ணீர் ஊற்றிக் கொடுத்த ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கம், லுத்தரன், சி.எஸ்.ஐ. மூன்றும் ஏற்கின்றன. அதனால் லுத்தரன் சபைக்கோ சி.எஸ்.ஐ.க்கோ போகிறவருக்கு மறு ஞானஸ்நானம் கிடையாது. போதகர் சிறிது காலம் சொல்லிக்கொடுத்து, சபையார் முன் விசுவாச அறிக்கை செய்யவைத்துச் சேர்த்துக்கொள்வது வழக்கம். பெந்தெகொஸ்தே சபைகளோ குழந்தையில் பெற்றதைக் கணக்கில் எடுப்பதில்லை. விவரம் தெரிந்த வயதில் தண்ணீரில் முழுகி எடுக்க வேண்டும் என்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் பார்வையில் ஞானஸ்நானம் ஒரே ஒருமுறைதான். நாளைக்கு மனம் மாறித் திரும்பி வந்தாலும் குழந்தையில் பெற்றதே நிற்கும், புதிதாகக் கொடுக்க மாட்டார்கள்.

கத்தோலிக்கத்தில் அருட்சாதனங்கள் ஏழு. புராட்டஸ்டண்ட் சபைகள் பொதுவாக ஞானஸ்நானத்தையும் திருவிருந்தையும் மட்டுமே அந்த இடத்தில் வைக்கின்றன. குருவிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும் கடமை இல்லை. நற்கருணையில் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாகவே மாறிவிடுகின்றன என்பது கத்தோலிக்கப் போதனை. அப்பம் அப்பமாகவே இருக்க, அதில் கிறிஸ்து உண்மையாகவே இருக்கிறார் என்பது லுத்தரன் போதனை. பெந்தெகொஸ்தேக்காரருக்கு அது நினைவுகூருதல். நற்கருணைச் சந்திப்பிலும் ஆராதனையிலும் ஊறியவர்கள் மாறிய பிறகு அதிகம் தேடுவது அந்த நற்கருணைப் பிரசன்னத்தைத்தான்.

மாதாவிடமும் புனிதர்களிடமும் பரிந்துரை கேட்கும் ஜெபம், ஜெபமாலை, உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்கான பூசை, திருத்தந்தையின் அதிகாரம் ஆகியவை புராட்டஸ்டண்ட் சபைகளில் இல்லை. ஆகஸ்ட் 29 கொடியேற்றத்துக்கும் செப்டம்பர் 8 திருவிழாவுக்கும் வேளாங்கண்ணிக்கு நடந்தே போகும் குடும்பத்தில் இது ஜெபப் புத்தகத்தோடு நிற்காது. வருடத்துக்கு ஒருமுறை உறவுகள் கூடும் சந்தர்ப்பமே போய்விடும்.

வேதாகமத்திலும் வித்தியாசம் இருக்கிறது. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73 நூல்கள், புராட்டஸ்டண்ட் வேதாகமத்தில் 66. தோபித்து, யூதித்து, மக்கபேயர் இரண்டு நூல்கள், சாலமோனின் ஞானம், சீராக், பாரூக்கு ஆகிய ஏழும் பின்னதில் சேர்ந்திராது.

அடிப்படைக் கருத்தில் ஒரு பெரிய முட்டுக்கட்டை மட்டும் தளர்ந்திருக்கிறது. மனிதன் கடவுளுக்கு ஏற்றவனாவது விசுவாசத்தாலா, நற்செயலாலா என்பது லூத்தர் காலத்துச் சண்டை. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகச் சம்மேளனமும் இதில் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. மீட்பு கடவுளின் கொடை, நற்செயல் அதன் கனி என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. "ஆர்.சி.யில் இருந்தால் இரட்சிப்பு இல்லை" என்று ஒருவர் சொன்னால், லுத்தரன் உலகச் சம்மேளனமே அப்படிச் சொல்வதில்லை என்பது நினைவில் இருக்கட்டும்.

ஏடு, கல்யாணம், கல்லறை

பங்குக் கோயிலின் ஞானஸ்நான ஏட்டிலிருந்து பெயரை அடிக்க மாட்டார்கள். நடந்த ஒன்றின் பதிவு அது. திருச்சபைச் சட்டப்படி, தெரிந்தே விலகிப் போனவர் அருட்சாதனங்கள் பெற முடியாது. மனந்திரும்பி வந்தால் ஒப்புரவு பெற்றுச் சேரலாம்.

பலருக்குத் தெரியாதது கல்யாண விஷயம். முன்பு முறைப்படி விலகியவர்களுக்குக் கத்தோலிக்கத் திருமணச் சட்டத்திலிருந்து சில விலக்குகள் இருந்தன. 2009 அக்டோபரில் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் கையெழுத்திட்ட ஆணை அவற்றை நீக்கியது. ஆகவே கத்தோலிக்க ஞானஸ்நானம் பெற்ற ஒருவர் சபை மாறிய பிறகு, ஆயரின் அனுமதி இல்லாமல் வேறு சபையில் செய்துகொள்ளும் கல்யாணம் ஆர்.சி. பார்வையில் செல்லாதது. அவர் சேர்ந்திருக்கும் சபையின் பார்வையில் அது செல்லும். பின்னால் பிள்ளைகளுக்கு ஆர்.சி. வரன் பேசும்போது இது குறுக்கே வரலாம். ஒருவர் மட்டும் மாறி மற்றவர் கத்தோலிக்கராகவே இருக்கும் வரனுக்கு வழி இருக்கிறது. ஆயரிடம் கலப்புத் திருமண அனுமதி கேட்கலாம், தக்க காரணம் இருந்தால் கல்யாணத்தை மற்றச் சபையிலேயே நடத்தவும் விலக்கு கேட்கலாம். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வதாகக் கத்தோலிக்கத் தரப்பு வாக்குக் கொடுக்க வேண்டும்.

முதல் கல்யாணம் முறிந்து மறுமணத்துக்காகச் சபை மாற நினைப்பவர்களும் உண்டு. அவர்கள் முதலில் மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்தில் விசாரிப்பது நல்லது. காரைக்கால் பகுதி புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தில் சேர்ந்தது. கல்யாணம் ஆரம்பத்திலேயே செல்லாதது என்று அறிவிக்க முன்பு இரண்டு நீதிமன்றங்களின் ஒத்த தீர்ப்பு தேவைப்பட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்.

கல்லறைத் தோட்டங்கள் பெரும்பாலும் சபைவாரியாக இருக்கின்றன. அப்பா அம்மா கிடக்கும் இடத்திலேயே தனக்கும் இடம் வேண்டும் என்று நினைப்பவர் அதைப் பங்குத் தந்தையிடம் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். சாவு வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தால் வாக்குவாதத்தில்தான் முடியும். கத்தோலிக்கப் பள்ளி, கல்லூரிச் சேர்க்கைக்குப் பங்குத் தந்தையின் கடிதம் கேட்கும் இடங்களும் உண்டு. படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள்.

அரசுப் பதிவில் ஆர்.சி.யும் லுத்தரனும் சி.எஸ்.ஐ.யும் பெந்தெகொஸ்தேயும் "கிறிஸ்தவர்" என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கும். புதுச்சேரிக்கான 1964ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி கிறிஸ்தவர்களுக்கு இல்லை. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் தொடுத்த வழக்கிலும், ஞானஸ்நானம் பெற்று ஆலயத்துக்குப் போய்வருபவர் அந்தச் சான்றிதழ் கோர முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சபை மாறுவதால் சாதிச் சான்றிதழில் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை.

எதற்காக மாறுகிறோம்?

சாதிக்காகக் கோயிலை விட்டவர்கள் உண்டு. புதுவை-கடலூர் உயர்மறைமாவட்டத்தின் எறையூரில் 2008இல் தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் மூண்ட மோதல் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. அப்படிப்பட்ட காயத்தோடு வெளியே வருபவர், போகிற இடத்தையும் விசாரித்துவிட்டுப் போக வேண்டும். தரங்கம்பாடியின் பழைய லுத்தரன் ஆலயத்திலேயே சாதிவாரியாக உட்கார்ந்தார்கள். ஆலயத்தில் சாதி வழக்கங்களை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று எழுதியவர்களில் வேதநாயகம் சாஸ்திரியாரும் ஒருவர்.

பங்குத் தந்தையோடு மனஸ்தாபம் என்றால், அவருக்கு மாற்றல் வரும்வரை பக்கத்துப் பங்குக்குப் போகலாம். பாடலும் உருக்கமான ஜெபமும் வேண்டும் என்றால் ஆர்.சி.க்குள்ளேயே அருங்கொடை இயக்கம் இருக்கிறது. வேதம் படிக்க வேண்டும் என்றால் விவிலிய வகுப்புகளும் அன்பியக் கூட்டங்களும் இருக்கின்றன. இவை எதுவும் தீர்க்காத கேள்வி, அதாவது திருத்தந்தையின் அதிகாரத்தையோ பூசையையோ மாதா பக்தியையோ மனசாட்சிப்படி ஏற்க முடியவில்லை என்பது, உண்மையாகவே சபை மாறத் தகுந்த காரணம். அப்படிப்பட்டவர் புதிய சபையில் சில மாதம் பார்வையாளராக இருந்து, அதன் விசுவாச அறிக்கையைப் படித்து, ஞானஸ்நானம், காணிக்கை, கணக்கு, கல்யாணம் நான்கையும் போதகரிடம் வெளிப்படையாகக் கேட்கலாம். பங்கிலிருந்து ஞானஸ்நானச் சான்றிதழின் புதுப் பிரதியையும் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் ஒருவர் மட்டும் மாறினால் ஒன்றைப் பேசி முடிவு செய்தே ஆக வேண்டும். கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசையில் அவர் உட்காரலாம், பாடலாம். நற்கருணை மட்டும் வாங்க முடியாது. அதைப் பிள்ளைகளிடம் யார், எப்படிச் சொல்வது என்பதைக் கணவனும் மனைவியும் டிசம்பருக்கு முன்பே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.