வேதாகமம் சொல்லாததை வரைந்த தூரிகை

இயேசுநாதரின் திருமுகம் எத்தகையது? தாடி உண்டா? நிறம் யாது? நான்கு சுவிசேஷங்களையும் துருவி ஆராய்ந்தாலும் இவற்றுக்கு விடை காணோம். எழுதுவோர் மௌனம் சாதிக்கலாம். ஓவியருக்கோ அது இயலாது. ஏதேனும் ஒரு முகத்தை அவர் வரைந்தே ஆகவேண்டும்.

நம் நாட்டு ஓவியர் டேவிட் பெயின்ரர் (1900–1975) இதனை நன்குணர்ந்தவர். கண்டி திரித்துவக் கல்லூரித் தேவாலயச் சுவரில் அவர் தீட்டிய சிலுவைக் காட்சியிலே எருசலேமின் குன்று இல்லை. நம் கடலோரக் கழிகளிற் காணும் கண்டல் மரங்களே சூழ்ந்து நிற்கின்றன. கல்கிசை சென் தோமஸ் கல்லூரித் தேவாலயத்தில் 1968ஆம் ஆண்டு அவர் வரைந்த மறுரூபக் காட்சியிலோ, கிறிஸ்து தாடியின்றித் தோன்றுகிறார்.

இது வேதாகமத்தை மாற்றுவதாகாதா எனச் சிலர் ஐயுறலாம். நாம் அவ்வாறு கருதோம். நமக்குப் பழகிய தாடி முகமும் முற்காலத்து ஓவியரின் கற்பனையே அன்றோ! பழகிய படத்தைக் கண் பாராமலே கடந்துவிடுகிறது; பழகாத படமோ, "இப்படியா எழுதியிருக்கிறது?" என்று நூலைத் திறக்கச் செய்கிறது.

மாணவர்களே, நல்ல சமாரியன் கதையைப் படித்துவிட்டு, அதனை வரைந்து பாருங்கள். நூல் சொன்னது எது, நாம் சேர்த்தது எது என்பது அப்பொழுது தெளிவாகும்.