தொட்டுக்க என்ன?

மதியம் ஒரு மணிக்கு ஏதாவது ஒரு மெஸ்ஸில் உட்கார்ந்து பக்கத்து இலையைக் கவனியுங்கள். அடுத்தவர் இலையைப் பார்ப்பது நாகரிகமில்லைதான், ஆனாலும் ஒரு நாளைக்குப் பாருங்கள். சோறு சாம்பாருக்கு ஒரு தடவை விழும், வத்தக்குழம்புக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை. கடைசியில் மோருக்குக் 'கொஞ்சூண்டு'. நாலு தடவையும் குழம்புதான் மாறுகிறது, சோறு அதேதான். இலையின் மேல்பக்கத்தில் பீன்ஸ் பொரியல் இரண்டு ஸ்பூன், கூட்டு அதைவிடக் கொஞ்சம் கம்மி. இவற்றுக்கு நாம் வைத்திருக்கும் பெயரே 'தொட்டுக்க'. காயையும் பருப்பையும் தொட்டால் போதும் என்று மொழியிலேயே எழுதி வைத்துவிட்டோம்.

நம் பக்கத்தில் சர்க்கரை நோய் ஏன் இப்படிப் பெருகிவிட்டது என்பதற்கான பாதி பதில் அந்த இலையில் இருக்கிறது. மீதி, சாப்பிட்டுக் கை கழுவியவர் அடுத்து எங்கே போய் உட்காருகிறார் என்பதில் இருக்கிறது.

பத்தில் ஒருவருக்கு மேல்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு, சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வாளர்கள் நாடு முழுக்க நடத்திய பெரிய கணக்கெடுப்பின் முடிவு 2023இல் வெளியானது. 1 லட்சத்து 13 ஆயிரம் பேரைச் சோதித்த ஆய்வு அது. பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். எண்ணிக்கையில் சொன்னால் சுமார் 10 கோடி. இன்னும் 15.3 சதவீதம் பேர் வாசலில் நிற்கிறார்கள். அவர்களுக்குச் சர்க்கரை கூடியிருக்கிறது, நோய் என்று சொல்லும் அளவை எட்டவில்லை. ரத்தக் கொதிப்போ 35.5 சதவீதம், அதாவது மூன்றில் ஒருவருக்கு மேல்.

இந்த வாசலில் நிற்பவர்களைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டும். வெறும் வயிற்றில் எடுத்த சர்க்கரை 100க்கும் 125க்கும் நடுவே இருந்தால், அல்லது 'மூணு மாச சுகர்' என்று நாம் சொல்லும் எச்பிஏ1சி 5.7க்கும் 6.4க்கும் நடுவே இருந்தால், நீங்கள் அந்த வாசலில்தான் இருக்கிறீர்கள். வலி இருக்காது, மயக்கம் இருக்காது. லேப் ரிப்போர்ட்டை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு, "பார்டர்தான், ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிடத் தோன்றும். நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பதும் அதுதான்.

ஒரு தட்டின் எடை

சமையலறைத் தராசு ஒன்று வாங்கியபோது, விளையாட்டாக என் மதியச் சோற்றை நிறுத்துப் பார்த்தேன். சாம்பாருக்குப் போட்டது 260 கிராம். ரசத்துக்கு 180. மோருக்கு வருவதற்குள் 440 ஆகிவிட்டது. நான் பெரிய சாப்பாட்டுக்காரனும் இல்லை.

அந்த எண் ஏன் உறுத்தியது என்றால், 21 நாடுகளில் 1 லட்சத்து 32 ஆயிரம் பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2020இல் வந்தது. ஒரு நாளைக்குச் சமைத்த வெள்ளைச் சோறு 450 கிராமுக்கு மேல் சாப்பிட்டவர்களுக்கு, 150 கிராமுக்குக் கீழே சாப்பிட்டவர்களைவிடச் சர்க்கரை நோய் அதிகமாக வந்தது. அந்தத் தொடர்பு எல்லாவற்றையும்விட வலுவாகத் தெரிந்தது தெற்காசியாவில். ஒரு நாள் முழுக்கச் சேர்த்துச் சொல்லும் அளவை நான் ஒரு வேளையில் தொட்டுவிட்டேன். காலையில் நான்கு இட்லி போனது கணக்கில் வரவில்லை.

இதில் அரிசியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. நெல்லைத் தீட்டித் தீட்டித் தவிட்டையும் முளையையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது மாவுச்சத்து. நார் இல்லாததால் சீக்கிரம் செரித்து, சீக்கிரம் ரத்தத்தில் சர்க்கரையாக ஏறுகிறது. அதைக் கீழே இறக்கக் கணையம் இன்சுலினைக் கொட்டுகிறது. தினம் மூன்று வேளை, வருடக்கணக்கில் இப்படிக் கொட்டினால் அதுவும் ஒரு நாள் ஓய்ந்துபோகும். அதே சோற்றை ஒரு கிண்ணம் சுண்டலோடும் இரண்டு கைப்பிடி காயோடும் சாப்பிட்டால், ஏற்றம் நிதானமாகிறது. சோறு குறைவதற்கும் அதுவே வழி, வயிற்றில் இடம் இருக்காது.

உடம்புக்கு வேலை போன கதை

"எங்க தாத்தா மூணு வேளையும் சோறுதான் தின்னார், தொண்ணூறு வயசு இருந்தார்" என்று ஒருவர் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. சரிதான். தாத்தா ஏர் பின்னால் நடந்தார். பாட்டி ஆட்டுக்கல்லில் மாவாட்டினாள், கிணற்றில் தண்ணீர் இறைத்தாள். ரத்தத்தில் உள்ள சர்க்கரையை எடுத்துக்கொள்ளும் பெரிய களஞ்சியம் நம் தசைகள்தான். வேலை செய்கிற தசை இன்சுலினுக்கு அதிகம் காத்திராமலே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். நாற்காலியில் கிடக்கும் தசை அந்தக் கதவைச் சாத்திக்கொள்கிறது. தாத்தாவின் தட்டு நமக்கு வந்துவிட்டது, அவருடைய நாள் வரவில்லை.

அதனால்தான் சாப்பிட்ட உடனே ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது இவ்வளவு பலன் தருகிறது. சர்க்கரை ஏறுகிற நேரத்திலேயே தசைக்கு வேலை கொடுக்கிறோம். ஜிம் வேண்டாம், ஷூகூட வேண்டாம். மொட்டை மாடி போதும்.

பேன்ட் சைஸ் பொய் சொல்லும்

"நான் ஒல்லிதானே" என்பது அடுத்த சமாதானம். கை கால் மெலிந்து, தொப்பை மட்டும் தள்ளியிருக்கும் உடல்வாகு நம்மிடம் அதிகம். குடலைச் சுற்றிச் சேரும் அந்தக் கொழுப்புதான் இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. நம்மவர்களுக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 சென்டிமீட்டர் என்பதைத் தாண்டக் கூடாது. டேப்பைத் தொப்புள் மட்டத்தில் சுற்றி அளக்க வேண்டும். இருபது வருடமாக 34 சைஸ் பேன்ட்தான் என்று பெருமைப்படுகிறவர், அந்தப் பேன்ட் வருடாவருடம் தொப்பைக்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளட்டும்.

நாட்டுச்சர்க்கரை என்றொரு சமாதானம்

எங்கள் அத்தை காபிக்கு வெள்ளைச் சர்க்கரையை நிறுத்தி ஐந்து வருடம் ஆகிறது. அதற்குப் பதில் நாட்டுச்சர்க்கரை, அதுவும் 'உடம்புக்கு நல்லதுதானே' என்று ஒரு ஸ்பூன் கூடவே. கருப்பட்டி, வெல்லம், தேன் எதுவானாலும் பெரும்பகுதி சர்க்கரைதான். ரத்தத்துக்கு நிறம் தெரியாது. கேழ்வரகை நைஸாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தாலும் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். ராத்திரி சோற்றை விட்டு நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்கு குருமாவும் சாப்பிடுவதும் ஏறக்குறைய அதே கணக்குதான்.

ரத்தக் கொதிப்புக்காக உப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது தலைதட்டிய ஒரு டீஸ்பூன். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, பாக்கெட் மிக்சர் எல்லாம் அந்த ஒரு டீஸ்பூனுக்குள் அடங்க வேண்டும். தயிர்சாதத்துக்கு ஊறுகாய் இல்லாமல் முடியாது என்பவர்கள் சோற்றில் போடும் உப்பையாவது விடலாம்.

எடை குறையாமலே

சென்னையில் டாக்டர் ஏ.ராமச்சந்திரன் குழுவினர் செய்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவினருக்குத் தினம் அரை மணி நேர நடை, தீட்டிய தானியமும் இனிப்பும் எண்ணெயும் குறைவு, நார்ச்சத்து அதிகம். மூன்று ஆண்டுகளில் முதல் பிரிவில் 100க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடந்தவர்களில் அது 39தான். மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் கொடுத்த பிரிவிலும் ஏறக்குறைய இதே பலன்தான். நடையோடு மாத்திரையையும் சேர்த்தால் பலன் இரட்டிப்பாகும் என்று எதிர்பார்த்திருப்பார்கள், ஆகவில்லை.

ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நாளைக்கே சோற்றைப் பாதியாக்கிவிட வேண்டாம். மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்கு ஏற்ப வைத்தது, சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும். டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள்.

சென்னை ஆய்வில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அங்கே நடந்தவர்களின் எடை பெரிதாகக் குறையவே இல்லை. எடை மெஷின் அப்படியே நிற்க, உள்ளே ஆபத்து மட்டும் குறைந்திருந்தது. "மூணு மாசமா நடக்கிறேன், ஒரு கிலோகூட இறங்கல" என்று அலுத்துக்கொண்டு நடையை நிறுத்தப்போகிறவர், நிறுத்துவதற்கு முன் அந்த மூணு மாச சுகரை ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடட்டும்.