ஓட்டாஞ்சில்லில் பிறந்த சொற்கள்

பானை உடைந்தால் மிஞ்சுவது ஓட்டாஞ்சில்லு. பிள்ளைகள் பாண்டி ஆடப் பொறுக்குவார்கள். மற்றபடி அதற்கு விலை கிடையாது. வியாபாரியான எனக்கு இந்த விலைபோகாத சரக்கில் அக்கறை வந்ததற்குக் காரணம், அதைச் சுற்றி முளைத்த சொற்கள்.

தமிழில் ‘ஓடு’ என்ற பெயர்ச்சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பானைத் துண்டும் ஓடு, கூரை வேய்வதும் ஓடு. ஆமைக்கும் நத்தைக்கும் முட்டைக்கும் ஓடு, நமக்கு மண்டையோடு. பிச்சை ஏற்பது திருவோட்டில். கடன்பட்டுக் கடையை மூடினவனை ‘ஓட்டாண்டி ஆயிட்டான்’ என்கிறோம். எங்கள் தொழிலில் இதைவிடப் பயங்கரமான சொல் இல்லை.

வடமொழிக் ‘கபாலம்’ மண்டையோடு மட்டும் என்று நினைக்கிறோம். பானைத் துண்டு, பிச்சைப் பாத்திரம், ஆமையோடு, முட்டையோடு எல்லாமே அதன் பொருள்தான். வேள்வியில் புரோடாசம் என்னும் மாவு அப்பத்தைச் சுட்டதும் கபாலம் என்ற மண்ணோடுகள் மேல்தான். லத்தீனில் ‘டெஸ்டா’ என்றால் செங்கல், பானைத் துண்டு, சிப்பியோடு. அதுவே பிரெஞ்சில் ‘தேத்’ ஆகித் தலையைக் குறிக்கிறது.

கிரேக்கத்தில் ‘ஓஸ்ட்ரகோன்’: பானைத் துண்டு, சிப்பி நத்தை ஆமைகளின் ஓடு. ஏதென்ஸில் கி.மு. 5ஆம் நூற்றாண்டில், நாட்டுக்கு ஆகாதவன் என்று தோன்றியவன் பெயரைக் குடிமக்கள் ஓட்டாஞ்சில்லில் கீறிப் போட்டார்கள். குறைந்தது 6000 சில்லு சேரவேண்டும். பெயர் தேறியவன் 10 வருஷம் ஊரைவிட்டுப் போகவேண்டும்; சொத்து மட்டும் அவனுடையதே. ஆங்கில ‘ஆஸ்ட்ரசிசம்’ இப்படி வந்தது. நாம் ‘ஊரை விட்டுத் தள்ளிவைப்பது’ என்கிறோமே, அதுதான். நாம் வாழும் வடக்கேயோ பழியை அடுத்தவர்மேல் போடுவதை, அவர் தலையில் ‘டீக்ரா’ உடைப்பது என்கிறார்கள். டீக்ரா என்றாலும் ஓட்டாஞ்சில்லுதான்!

இவ்வளவு கேட்டதும் ஓர் ஆசை வரும். ‘நம்ம ஓடுதாங்க ஓஸ்ட்ரகோன் ஆச்சு’ என்று மேடையில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஆனால் ஓஸ்ட்ரகோனுக்குச் சொந்தம், எலும்பைக் குறிக்கும் கிரேக்க ‘ஓஸ்டியோன்’. வடமொழி ‘அஸ்தி’யும் அந்தக் குடும்பமே. நம் ஓட்டுக்குச் சொந்தம் மலையாளத்திலும் கன்னடத்திலும் உள்ள ‘ஓடு’. உறவு வேறு, ஒப்புமை வேறு. வெளியே கெட்டியாய் வளைந்து உள்ளே எதையோ காப்பது ஒரே சாதிப் பொருள் என்று பல நாட்டாரும் தனித்தனியே கண்டிருக்கிறார்கள். இது உறவைவிடப் பெரிய வியப்பில்லையா?

வெளிமாநிலத்தில் பிறந்த நம் பிள்ளைகள் தமிழைப் பற்றித் தெரிந்துகொள்வது பெரும்பாலும் நாம் சொல்லித்தான். கள்ளப் படிக்கல்லால் ஒருமுறை நிறுத்தவன் கடையில் நல்ல சரக்கையும் யாரும் நம்ப மாட்டார்கள். தமிழின் சரக்கு நல்ல சரக்கு. சரியான எடையிலேயே கொடுப்போம்.